மலைச்சாலையில் அடிபட்டு இறக்கும் விலங்குகளைக் கணக்கெடுக்கும் முறை

வால்பாறையிலிருந்து சோலையாறு அணை வழியாக மளுக்கப்பாறை சென்று, அங்கிருந்து வாழச்சால், அதிரப்பள்ளி, சாலக்குடி என்று கேரளத்துக்குள் இறங்கும் சாலையிலும், உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு ஏறும் சாலையிலும் மழைக்காலக் காலையில் செல்பவர்கள், தாரோடு தாராக நசுங்கிக் கிடக்கும் ஒரு தவளையையோ பாம்பையோ பார்க்காமல் திரும்புவது அரிது. பார்த்தவர்கள் வருந்துகிறார்கள், சிலர் படம் எடுத்து வாட்ஸப்பில் பகிர்கிறார்கள். ஆனால் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரிடம் போய், இந்த வளைவில் ஒரு வேகத்தடை வேண்டும் என்று கேட்டால், "ஏன் இந்த வளைவு, ஏன் அடுத்த வளைவு இல்லை?" என்று அவர் கேட்பார். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் படங்கள் போதாது, கணக்கு வேண்டும்.

இந்தக் கையேடு கல்லூரி மாணவர்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், எஸ்டேட்டில் வேலை செய்துகொண்டே சுற்றியுள்ள உயிர்களைக் கவனித்து வருபவர்களுக்கும் எழுதப்பட்டது. இந்த வேலைக்குப் பட்டமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பார்க்க வேண்டும். ஒன்றும் கிடைக்காத நாளையும், ஒன்றும் கிடைக்காத கிலோமீட்டரையும் எழுதிவைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கேள்வியும் சாலையும்

கணக்கெடுப்பைத் தொடங்கும் முன் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்த இடங்களில் அதிகம் அடிபடுகின்றன என்பது ஒரு கேள்வி. எந்த மாதங்களில் அதிகம் என்பது இன்னொன்று. ஒரு வேகத்தடை போட்ட பின் இறப்பு குறைந்ததா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குச் சாலையின் பல பகுதிகளை ஒரே காலத்தில் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரே பகுதியை ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு வேகத்தடை வருவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக அள்ள முயன்று எதற்கும் போதிய தகவல் சேராமல் போவதைவிட, முதல் ஆண்டில் 'எங்கே' என்ற கேள்வியோடு நிற்பது நல்லது.

சாலைப் பகுதியைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். ஏற்கெனவே இறந்த விலங்குகளைப் பார்த்த இடங்களையே அவர்கள் கணக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் முடிவு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அந்த இடங்கள் மோசமானவை என்று தொடங்கி, அந்த இடங்கள் மோசமானவை என்றே முடியும். அதற்குப் பதிலாக, சாலையின் இரு பக்கமும் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும், கேரளப் பக்கத்தில் பரம்பிக்குளமும் வாழச்சால் காடுகளும் இருக்கின்றன. ஆகவே இங்கே ஒரு கிலோமீட்டர் நீளத் துண்டுகளாக, இரு பக்கமும் தேயிலை உள்ளவை, இரு பக்கமும் காடு உள்ளவை, ஒரு பக்கம் தேயிலையும் மறுபக்கம் சோலையுமாக உள்ளவை, ஓடையைக் கடப்பவை, குடியிருப்பை ஒட்டியவை என்று ஒவ்வொரு வகையிலும் இரண்டை எடுத்துக்கொண்டால் மொத்தம் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. இரண்டு பேர் கொண்ட இரண்டு குழுக்கள் ஒரு காலையில் அதை நடந்து முடித்துவிடலாம்.

துண்டுகளின் தொடக்கத்தையும் முடிவையும் ஜி.பி.எஸ். எண்ணோடு கிலோமீட்டர் கல்லையும் சிறுபாலத்தின் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுபாலங்களின் கைப்பிடிச் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆனால் சாலைப் பொறியாளரின் பதிவேட்டில் இருப்பது அந்த எண்தான். பின்னால் அவரிடம் பேசப்போகும்போது 'அந்தப் பெரிய ஆலமரத்துக்கு அடுத்த வளைவு' என்று சொல்வதைவிட அந்த எண்ணைச் சொன்னால் வேலை நடக்கும்.

எப்போது போவது

ஆனைமலையில் முன்பு நடந்த ஆய்வுகள், கோடையைவிட மழைக்காலத்தில்தான் சாலையில் இறக்கும் உயிர்கள் அதிகம் என்று காட்டியுள்ளன. இதற்குக் காரணம் எளிது. மழையில் தவளைகள் இனப்பெருக்கத்துக்காக ஓடைகளையும் தேங்கிய நீரையும் தேடி நகர்கின்றன. மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளும், கால் இல்லாமல் மண்புழு போலத் தோன்றும் சிசிலியன்களும் ஈரம் மிகுந்தபோது மேலே வருகின்றன. இவற்றில் பல மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. யானையோ சிறுத்தையோ அடிபட்டால் மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. ஆனால் ஒரு மழை இரவில் நசுங்கும் கேடயவால் பாம்புகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இந்த மலையின் சாலைகளுக்கு நாம் தரும் பலியில் பெரும் பங்கு இந்தச் சிற்றுயிர்களே என்பதால், கணக்கெடுப்பும் அவற்றை மனத்தில் வைத்தே அமைய வேண்டும்.

காலண்டரைத் தீர்மானிக்கும்போது இடத்தின் மழையைப் பாருங்கள். வால்பாறை, மளுக்கப்பாறைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைதான் முதன்மையானது. சின்னாறு மழைமறைவுப் பகுதி. அங்கே அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்கு மழை முக்கியம். நட்சத்திர ஆமையும் சாம்பல் மலை அணிலும் வாழும் அந்த வறண்ட காட்டில், வால்பாறைக்கு வகுத்த அட்டவணையை அப்படியே பயன்படுத்தினால் சரியான மாதங்கள் தவறிவிடும். ஈரமான பக்கத்திலும் ஜூன் பிறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 2003-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமான பாதாளத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, பருவமழைக்கு முந்திய கோடைமழையில் சில நாட்கள் மட்டுமே இனப்பெருக்கத்துக்காக வெளியே வருகிறது. அந்தச் சில நாட்களில் சாலையைக் கடக்கும்போது அடிபடுவதை, ஜூனில் தொடங்கும் கணக்கெடுப்பு ஒருபோதும் பதிவு செய்யாது. ஆகவே ஏப்ரல் கடைசியிலிருந்தே, முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலை நடப்பதற்கு ஆள் தயாராக இருக்க வேண்டும்.

மழையோடு வண்டிகளையும் கணக்கில் கொள்ளுங்கள். மே மாத விடுமுறையிலும், தொடர் விடுமுறை நாட்களிலும், அதிரப்பள்ளி போகும் சுற்றுலா வண்டிகள் பெருகும்போதும் சாலையின் தன்மையே மாறிவிடுகிறது. வாரநாளில் ஒரு நடை, வார இறுதிக்கு மறுநாள் ஒரு நடை என்று இணையாக வைத்துக்கொண்டால், போக்குவரத்தின் பங்கை மழையின் பங்கிலிருந்து ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நடையின்போதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம் நின்று இருசக்கர வண்டி, கார், பேருந்து, லாரி எனப் பிரித்து எண்ணுவது போதுமானது.

அனுமதியும் பாதுகாப்பும்

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்வதற்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பொதுச்சாலைதானே என்று எண்ணி இறங்கி நடந்துவிட முடியாது. சின்னாறு போன்ற இடங்களில் வண்டியை நிறுத்துவதற்கே தடை உண்டு. எல்லை தாண்டும் சாலையில் வேலை செய்பவர்கள் தமிழக வனத்துறையிடமும் கேரள வனத்துறையிடமும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், அனுமதி வரும் வரை எஸ்டேட்டுகளுக்குள் செல்லும் சாலைகளில், தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு, பயிற்சி நடைகளைத் தொடங்கலாம். விண்ணப்பம் கொடுக்கும்போதே, கிடைக்கும் தகவலின் பிரதி ஒன்றை அலுவலகத்துக்குத் தருவோம் என்று எழுதிக் கொடுங்கள். வனச்சரகருக்கும் அந்தத் தகவல் தேவைப்படுகிறது.

இறந்து கிடக்கும் உடலைத் தொடக் கூடாது, எடுத்துச் செல்லவும் கூடாது. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, இறந்த நிலையில் காணப்படும் காட்டுவிலங்கும் அரசின் உடைமை. ஒரு இறகையோ முள்ளம்பன்றியின் முள்ளையோ பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றமாகலாம். உடல்நலக் காரணமும் உண்டு: பாலூட்டிகளின் உமிழ்நீரில் ரேபீஸ் இருக்கலாம், நசுங்கிய நச்சுப்பாம்பின் தலை, உயிர் போன பிறகும் சிறிது நேரம் தன்னிச்சையாகக் கடிக்கக் கூடியது. புரட்டிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வனத்துறை ஒப்புதலோடு நீளமான குச்சியால் மட்டும் புரட்ட வேண்டும்.

நடப்பவர்கள் இரண்டு பேராகவே போக வேண்டும். வெளிச்சத்தில் மின்னும் மேலங்கி அணிந்து, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலப்புறமாக நடக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர் மட்டும் குனிந்து பார்க்க, மற்றவர் காவலுக்கு நிற்க வேண்டும். வால்பாறையில் யானைகள் இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும், உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்துகளாலும், மேடான இடங்களில் நிறுத்திய சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது. முந்தின நாள் மாலையில் அந்தச் செய்தியைப் பாருங்கள். யானை நிற்கும் துண்டு அன்று வேண்டாம். அதற்கு நேரே ஏட்டில் 'நடக்கவில்லை, யானை' என்று எழுதுங்கள்; சுழியம் என்று எழுதிவிடாதீர்கள். நடந்து பார்த்து ஒன்றும் இல்லாத நாளும், நடக்காத நாளும் கணக்கில் முற்றிலும் வேறானவை.

நடையும் பதிவும்

விடிந்ததும் நடப்பதே சரி. இரவில் அடிபட்டவற்றைக் காகமும் கீரியும் தெருநாயும் எடுத்துச் செல்வதற்கு முன், காலைப் பேருந்தின் சக்கரம் மேலும் அரைத்துவிடுவதற்கு முன், வெளிச்சம் போதுமான அளவு வந்தவுடன் தொடங்க வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டே வண்டியிலிருந்து பார்ப்பது நீண்ட தூரத்துக்கு உதவும். கடமான், முள்ளம்பன்றி, மரநாய் போன்றவை தப்பாது. ஆனால் ஒரு விரல் நீளத் தவளை வண்டியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. ஆகவே சிற்றுயிர்களுக்கு நடைதான். இரண்டு முறைகளையும் கலந்து ஒரே அட்டவணையில் சேர்ப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வொரு உடலுக்கும் இடம், நேரம், சாலையின் எந்தப் பகுதி என்ற விவரம், இரு பக்கமும் உள்ள நிலம், வளைவா நேர்ப்பாதையா, ஓரத்தில் சுவரோ ஆழமான வடிகாலோ உண்டா, மேலே மரக்கிளைகள் தொடுகின்றனவா, முந்தின இரவு மழை பெய்ததா ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பிறகு சுற்றுப்புறம் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று என மூன்று படமாவது வேண்டும். கேடயவால் பாம்பு என்றால் தலையைவிட வால்நுனியின் தெளிவான படம் உதவும். அந்தக் குடும்பத்தின் இனங்களைப் பிரித்தறிய வாலின் அமைப்பு முக்கியமானது.

இனத்தைத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளில் வல்லுநர்களுக்கே கையில் வைத்துப் பார்த்தும் தயக்கம் வரும்போது, சக்கரம் ஏறிய உடலைப் பார்த்து இனப்பெயர் எழுதுவது நேர்மையாகாது. 'புதர்த்தவளை, இனம் தெரியவில்லை' என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. பின்னர் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படத்தை ஏற்றி மற்றவர்களிடம் கேட்கலாம். தவறான பெயர் ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால் அதை யாரும் திரும்பச் சோதிப்பதில்லை என்பதால், ஊகித்து எழுதிய பத்துப் பெயர்களைவிட இனம் தெரியாத பத்துப் பதிவுகளே எனக்கு மதிப்பு மிக்கவை.

உடலைச் சாலையிலேயே விட்டுவருவதால் மறுநாள் அதையே மீண்டும் எண்ணும் வாய்ப்பு உண்டு. முந்தின நடையின் படங்களைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் இதைத் தவிர்க்கலாம். ஓரமாக ஒதுக்கிவிட வனத்துறை அனுமதித்தால் இன்னும் நல்லது. தின்ன வரும் பருந்தும் கீரியும் நடுச்சாலையில் அடிபடுவது அதனால் குறையும்.

கண்ணில் படாதவற்றுக்கும் கணக்கு உண்டு

நாம் கண்டவை இறந்தவற்றில் ஒரு பங்கு மட்டுமே. சில உடல்கள் நாம் வருவதற்கு முன்பே மறைந்துவிடுகின்றன. சிலவற்றின் அருகிலேயே நடந்தும் நாம் பார்ப்பதில்லை. இந்த இரண்டு இழப்பையும் அளக்க முடியும். அளக்காதவர்களின் எண்ணிக்கையை மற்றவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது.

பார்வையை அளப்பதற்கு, குழுவில் இல்லாத ஒருவர் விடிவதற்கு முன் தவளை அளவுள்ள, சாலையின் நிறத்தோடு ஒத்த இருபது பொருட்களை, பழைய டயர் துண்டுகளோ களிமண் உருண்டைகளோ, குறித்த இடங்களில் வைத்துவிட வேண்டும்; நடப்பவர்களுக்கு எண்ணிக்கை தெரியக் கூடாது. நடை முடிந்ததும் அவர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். இருபதில் பன்னிரண்டைக் கண்டால் அந்தக் குழுவின் கண் 60 சதவீதம். ஒவ்வொரு குழுவையும், வெயிலிலும் மழையிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரச் சாலையின் பளபளப்பில் இந்த எண் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

உடல் எவ்வளவு நேரம் சாலையில் நிற்கிறது என்பதை அறிய, அதிகாலையில் காணும் புதிய உடல்களின் இடத்தைக் குறித்து, நண்பகலிலும் மாலையிலும் மறுநாள் காலையிலும் திரும்ப வந்து பாருங்கள். தவளை போன்ற சிறு உடல்கள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ளேயே மறைந்துவிடும். ஆமை ஓடும் முள்ளம்பன்றியின் முட்களும் நாட்கணக்கில் கிடக்கும். வாரம் ஒருமுறை மட்டும் நடக்கும் குழு ஆமைகளையே அதிகம் காணும். அதனால் அந்தச் சாலையில் ஆமைகளே அதிகம் இறக்கின்றன என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். பத்து கிலோமீட்டரை இருபது முறை நடந்து பன்னிரண்டு தவளைகளைக் கண்டோம் என்று வைத்துக்கொண்டால், நடந்த தூரம் 200 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 6 என்று வரும். நம் கண் 60 சதவீதம், இரவில் அடிபட்டவற்றில் பாதிதான் காலை வரை கிடக்கின்றன என்று சோதனையில் தெரிந்திருந்தால், 0.6-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 0.3, ஆறை அதனால் வகுத்தால் 20. நாம் கண்டதைப் போல மூன்று மடங்குக்கு மேல். அறிக்கையில் இரண்டு எண்களையும் தர வேண்டும். கண்டது எது, கணித்தது எது என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். இறந்த மொத்த எண்ணிக்கை என்று ஆண்டு முழுவதற்கும் பெருக்கிச் சொல்லும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். ஒரு பருவத்தின் கணக்கை மற்றப் பருவங்களுக்கு நீட்ட முடியாது.

இடத்தைச் சுட்டுவது

இப்போது பொறியாளரின் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு கிலோமீட்டரையும் 200 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை இறப்பு என்று எழுதினால், சில துண்டுகளில் குவிவது தெரியும். அந்தக் குவிப்பு தற்செயலா என்று பார்க்க, இறப்பு நடந்த இடங்களின் வளைவு, ஓடை, சுவர், மரக்கிளை ஆகிய விவரங்களை இறப்பு நடக்காத இடங்களின் அதே விவரங்களோடு ஒப்பிட வேண்டும். கணினியில் தற்செயலாகத் தேர்ந்த இடங்களுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே படிவத்தை நிரப்புங்கள். இறந்த தவளைகளில் பெரும்பாலானவை ஓடைக்கு அருகில் என்று தெரிந்தால் மட்டும் போதாது. சாலையின் பெரும்பகுதியே ஓடைக்கு அருகில்தான் என்றால் அந்தக் கண்டுபிடிப்பில் பொருளே இல்லை.

இறப்பு குறைவாக உள்ள துண்டு பாதுகாப்பானது என்று உடனே எண்ணிவிடாதீர்கள். வண்டிகள் ஓயாமல் ஓடும் இடத்தில் விலங்குகள் சாலையை அணுகவே அஞ்சலாம். முன்பே பெரும்பாலானவை இறந்து, கடப்பதற்கு எதுவும் மிஞ்சாமல் போயிருக்கலாம். அந்தந்தத் துண்டில் உயிரோடு கடப்பவற்றையும் காலடித் தடங்களையும் கவனித்துச் சேர்ப்பது இதற்கு உதவும்.

ஓட்டுநர்களின் அறிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்தை ஓட்டுபவருக்கும், தேயிலை ஏற்றும் லாரிக்காரருக்கும், சுற்றுலா ஜீப் ஓட்டுபவருக்கும் இந்தச் சாலையின் இரவு தெரியும். ஆனால் "அண்ணா, நீங்க எதையாவது அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "ராத்திரியில எந்த இடத்துல நீங்களாவே பிரேக் போடுவீங்க அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள், வளைவுகளைப் பெயரோடு சொல்வார்கள். அந்தப் பெயர்கள் உங்கள் வரைபடத்தோடு பொருந்தாத இடங்களே அடுத்த மழைக்கு நீங்கள் நடக்க வேண்டிய இடங்கள்.

தீர்வைக் கேட்பது

ஒவ்வொரு விலங்குக்கும் தீர்வு வேறு. மரத்தில் வாழும் சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில் ஆகியவற்றுக்குச் சாலையின் மேலே கிளைகள் தொடர்ந்து இருப்பதே சிறந்த பாலம். விரிவாக்கப் பணியின்போது வெட்டிவிட்டால் அதை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், வெட்டும் முன்பே தலையிட வேண்டும். வால்பாறைக்கு அருகே புதுத்தோட்டத்தில், ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காட்டுத்துண்டில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. அங்கே சாலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட பாலங்களை அவை பயன்படுத்துகின்றன. அதோடு, சுற்றுலாப் பயணிகள் உணவு போடுவதையும் திறந்த குப்பைத்தொட்டியையும் நிறுத்தாவிட்டால், பாலம் இருந்தும் குரங்குகள் தரையில்தான் இருக்கும். ஒரு வாழைப்பழத்தை ஜன்னல் வழியே நீட்டுவதை அன்பென்று நினைப்பவர்களுக்கு, அது அந்தக் குரங்கைச் சக்கரத்தின் முன் உட்காரப் பழக்குகிறது என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆமைக்கும் தவளைக்கும் செங்குத்தான சிமெண்ட் வடிகால் ஒரு பொறி. விழுந்தால் ஏற முடியாது. பக்கங்களைச் சரிவாகக் கட்டுவதோ, இடையிடையே சரிவுப் படி வைப்பதோ செலவு குறைந்த வேலை. சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலங்களை அடைப்பில்லாமல் வைத்தாலே பல சிறு விலங்குகள் கீழே கடக்கும். பெரிய அளவில் இதற்குச் சான்று, மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையிலுள்ள பெஞ்ச் காட்டின் ஊடே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை; அங்கே கட்டிய ஒன்பது கடவுப் பாலங்களுக்கு அடியில் புலி உட்பட 18 இன விலங்குகள் கடப்பதை 2019-இல் தானியங்கிக் கேமராக்கள் பதிவு செய்தன. கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. நம் மலைச்சாலைகளில் மருத்துவமனைக்கு இறங்குவதற்கு வேறு வழியில்லாத தோட்டத் தொழிலாளர்கள் இருப்பதால், முழு இரவுத் தடையைக் கேட்கும் முன் அவர்களிடம் பேசுவது கடமை.

பாலூட்டிகளுக்கு வேகம்தான் முதன்மை. ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், ஈரச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்கச் சுமார் 60 மீட்டர் தேவை. 30 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 20 மீட்டர் போதும். வளைவுகள் நிறைந்த சாலையில் 60 மீட்டர் தூரம் பல இடங்களில் கண்ணுக்கே தெரியாது. இந்தக் கணக்கை மனுவில் எழுதுங்கள்; அது மனிதருக்கும் பொருந்துவதால் கேட்பவர் மறுப்பது கடினம். அறிவிப்புப் பலகை மட்டும் போதும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். தினமும் அதே வழியில் ஓட்டுபவர் சில நாட்களில் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரு வரைபடம், மோசமான நான்கைந்து துண்டுகளின் கிலோமீட்டர் எண், ஒவ்வொன்றிலும் எந்த வகை உயிர், எந்தத் தீர்வு என்று இருந்தால் போதும். வேகத்தடை கேட்கும்போது இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டியின்படி அமைக்கக் கோருங்கள். அளவு தவறிய தடை இருசக்கர வண்டிக்காரரை வீழ்த்தும், அதன் பிறகு ஊரே அதை எதிர்க்கும். தமிழகப் பக்கம் நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்கும் வனத்துறைக்கும், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஆட்சியருக்கும் கொடுங்கள். எல்லைக்கு அப்பால் பொதுப்பணித் துறைக்கும் வனத்துறைக்கும் போகும் பிரதி மலையாளத்தில் இருக்க வேண்டும்.

தீர்வு வந்த பிறகு குறைந்தது ஒரு முழு மழைக்காலமாவது அதே துண்டிலும், தீர்வு எதுவும் செய்யாத ஒத்த துண்டிலும் சேர்த்து நடக்க வேண்டும். இரண்டிலும் இறப்பு குறைந்திருந்தால் அது மழை குறைந்ததால் இருக்கலாம். தீர்வு செய்த துண்டில் மட்டும் குறைந்திருந்தால்தான் வேகத்தடையின் பயன் என்று சொல்ல முடியும். குறையவில்லை என்றாலும் அப்படியே எழுதிக் கொடுங்கள், வேறு தீர்வைக் கேட்க அதுவே ஆதாரம். மலைச்சாலைகளில் புதிதாகத் தார் போடும்போது பழைய வேகத்தடைகள் சத்தமில்லாமல் மறைந்துவிடுவது வழக்கம். ஆகவே சாலைப் பணி நடக்கிறது என்று தெரிந்தவுடன் பணி முடிவதற்கு முன்பே போய்ப் பார்த்து, தடைகளின் எண்களோடு பழைய மனுவின் பிரதியையும் சேர்த்து, மேற்பார்வை செய்யும் உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.